விலக்குக் கிடைத்த தாளும் படிக்க வேண்டிய தாளும்

இம்முறை மொரீஷியஸ் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பிரித்தானியக் கணக்காளர் சங்கமான ஏசிசிஏ நடத்தும் தேர்வுகளில் விலக்குப் பெறுவதை, அதாவது முன்பே பெற்ற தகுதியைக் காட்டிச் சில தாள்களை எழுதாமலே தாண்டுவதைப் பற்றியே இருந்தன. ஆகவே இந்த இதழின் கேள்வி பதில் பகுதியை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

*

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, நான் 2016இல் உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் கணக்கியலும் நிதியும் படித்துப் பட்டம் பெற்றேன். அதன் பின் எபேனில் ஒரு நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் பிரிவில் வேலை செய்கிறேன். இப்போது ஏசிசிஏ தேர்வு எழுத விண்ணப்பித்ததில் ஒன்பது தாள்களுக்கு விலக்கு உண்டு என்று பதில் வந்திருக்கிறது. அலுவலகத் தோழிகள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள் என்கிறார்கள். எனக்கு மட்டும் ஏனோ தயக்கமாக இருக்கிறது. ஒன்பதையும் ஏற்றுக்கொள்ளலாமா?
— காத்ர் போர்ன் வாசகி

பதில்: அம்மா, உங்கள் தயக்கம் நியாயமானது. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே இடத்தில் தவறு செய்துவிட்டு நான்கு ஆண்டுகள் செலவழித்தவன் நான்.

இன்றைய அமைப்பில் ஏசிசிஏ தகுதிக்குப் பதின்மூன்று தாள்கள். முதல் நிலையில் மூன்று, இரண்டாம் நிலையில் ஆறு, கடைசி நிலையில் நான்கு. பட்டத்தையோ வேறு தகுதியையோ காட்டி அதிகபட்சமாக முதல் ஒன்பதுக்குத்தான் விலக்குப் பெற முடியும். கடைசி நான்கிற்கு எவருக்கும் விலக்குக் கிடையாது. அந்த நான்கில் வணிகத் தலைமைத் தாளும் வணிக அறிக்கையிடல் தாளும் கட்டாயம். மீதி இரண்டை மேல்நிலை நிதி மேலாண்மை, மேல்நிலைச் செயல்திறன் மேலாண்மை, மேல்நிலை வரிவிதிப்பு, மேல்நிலைத் தணிக்கை ஆகிய நான்கிலிருந்து நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆக, ஒன்பது விலக்குகளையும் ஏற்றுக்கொண்டால், படிப்பை விட்டுப் பல ஆண்டுகள் கழித்து நீங்கள் எழுதும் முதல் தாளே கடைசி நிலைத் தாளாக இருக்கும். அந்த நிலையின் வினாத்தாள், கீழ்நிலைத் தாள்களை நீங்கள் நேற்றுதான் முடித்தீர்கள் என்று எண்ணிக்கொண்டு கேட்கும்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2001க்குப் பின் வந்த பாடத்திட்டத்தில் தாள்கள் மொத்தம் பதினான்கு. எனக்கும் ஒன்பதுக்கு விலக்குக் கிடைத்தது. மாலை வகுப்பு நடத்திய ஒரு பயிற்சி நிலையத்தில், எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நேரே கடைசிப் பகுதிக்கு வா என்றார்கள். குழுமக் கணக்குகளை, அதாவது தாய் நிறுவனத்தையும் துணை நிறுவனங்களையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் கணக்குகளை, பல்கலைக்கழகத்தில் ஒரே பருவத்தில் ஓடிப் படித்தவன் நான். பட்டம் வாங்கி மூன்றாண்டு ஆகியிருந்தது. தாய் நிறுவனம் தன் துணை நிறுவனத்தின் பங்கில் ஒரு பகுதியை விற்றால் நற்பெயர் மதிப்பு என்னாகும் என்று கேட்ட வினாவின் முன், இருப்புநிலைக் குறிப்பின் வடிவத்தைக்கூட நினைவுக்குக் கொண்டுவர முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தாளில் இரண்டு முறை தோற்றேன். மூன்றாம் முறைக்கு முன், விலக்குப் பெற்ற நிதி அறிக்கையிடல் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்து, அதன் பயிற்சிகள் அனைத்தையும் செய்து முடித்தேன். அதை முதலிலேயே செய்திருந்தால் இரண்டு தேர்வுக் கட்டணங்கள் மிச்சமாகியிருக்கும், மன வேதனையும் இருந்திருக்காது.

உங்கள் நிலையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. நீங்கள் 2016இல் பட்டம் பெற்றவர். ஐஎஃப்ஆர்எஸ் என்னும் பன்னாட்டு நிதி அறிக்கைத் தரங்களில், வருவாயை எப்போது கணக்கில் எடுப்பது என்பதற்கான ஐஎஃப்ஆர்எஸ் 15, நிதிக் கருவிகளுக்கான ஐஎஃப்ஆர்எஸ் 9 ஆகிய இரண்டும் 2018 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தன. குத்தகைக் கணக்கை அடியோடு மாற்றிய ஐஎஃப்ஆர்எஸ் 16, 2019 ஜனவரி 1இல் வந்தது. அதுவரை இருந்த பழைய தரமான ஐஏஎஸ் 17இன்படி, குத்தகைக்கு எடுத்தவர் இயக்கக் குத்தகையை இருப்புநிலைக் குறிப்புக்கு வெளியே வைத்துக்கொண்டு வாடகையைச் செலவாக எழுதினால் போதும். இன்றோ, பெரும்பாலான குத்தகைகளுக்குப் பயன்பாட்டு உரிமையைச் சொத்தாகவும் கட்ட வேண்டிய தொகையைக் கடனாகவும் காட்ட வேண்டும். நீங்கள் வகுப்பில் படித்தது பழைய முறையாகவே இருந்திருக்கும். உங்கள் விலக்குச் செல்லும் என்பதில் ஐயமில்லை. அதன் பின்னால் இருக்கும் பாடம்தான் காலாவதியாகிவிட்டது. சம்பளப் பட்டியல் பிரிவில் இருப்பதால் வேலையும் இந்த இடைவெளியை நிரப்பியிருக்காது. நிதி அறிக்கை தயாரிக்கும் பிரிவில் இத்தனை ஆண்டுகள் இருந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

எனவே ஒன்பது தாள்களையும் ஒரே மூட்டையாகப் பார்க்காமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள். முதல் நிலையின் வணிகமும் தொழில்நுட்பமும், மேலாண்மைக் கணக்கியல், நிதிக் கணக்கியல் ஆகிய மூன்றையும், இரண்டாம் நிலையின் நிறுவனச் சட்டத்தையும் தயங்காமல் விலக்காக ஏற்றுக்கொள்ளுங்கள். பட்டதாரி ஒருவர் அவற்றை மறுபடி எழுதுவதால் பெரிய பயன் இல்லை. செயல்திறன் மேலாண்மை, நிதி மேலாண்மை, தணிக்கை, வரிவிதிப்பு ஆகிய நான்கும் கடைசி நிலையின் விருப்பத் தாள்களுக்கு அடித்தளம். எந்த இரண்டை விருப்பத் தாளாக எடுக்கப் போகிறீர்கள் என்று இப்போதே எண்ணிப் பார்த்து, அவற்றின் அடித்தளத் தாள்கள் நினைவில் இருக்கின்றனவா என்று சோதித்துக்கொள்ளுங்கள். வரித்தாளில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். பல்கலைக்கழகத்தில் நீங்கள் படித்தது மொரீஷியஸ் வருமான வரியும் மதிப்புக் கூட்டு வரியும். மேல்நிலை வரித்தாளைப் பிரித்தானிய வடிவில் எழுதுவதானால் அது முற்றிலும் பிரித்தானியச் சட்டம். அடிப்படைத் தாளை எழுதாமல் அதில் இறங்குவது, மொழி தெரியாத ஊரில் வழக்காடப் போவதைப் போன்றது. வரியை விருப்பத் தாளாக எடுக்கப் போவதில்லை என்றால் விலக்கை வாங்கிக்கொள்ளலாம்.

நிதி அறிக்கையிடல் தாளைத்தான் நீங்கள் எழுத வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். கட்டாயமான வணிக அறிக்கையிடல் தாளின் முதல் வினாவே குழுமக் கணக்கைப் பற்றியது. அதற்கு மட்டும் முப்பது மதிப்பெண். அதற்கு முழுமையான பயிற்சி கிடைக்கும் இடம் நிதி அறிக்கையிடல் தாள் ஒன்றுதான். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று ஆண்டுக்கு நான்கு பருவங்கள் இருப்பதால், ஒரு தாளை எழுதினால் போவது மூன்று மாதம்.

இரண்டு விதிகளை மறவாதீர்கள். முதலாவது, விலக்கு இலவசம் அன்று. ஏற்றுக்கொள்ளும் ஒவ்வொரு தாளுக்கும் பிரித்தானியப் பவுண்டில் கட்டணம் உண்டு. ஒன்பது தாள்களுக்கும் சேர்த்து ரூபாயில் கணக்கிட்டால் கையைக் கடிக்கும் தொகை. இரண்டாவது, விலக்குக் கிடைத்த தாளைத் தேர்வாக எழுதினால் அந்த விலக்கை நீங்கள் கைவிட்டதாகப் பொருள். தோற்றுவிட்டேன், விலக்கைத் திருப்பிக் கொடுங்கள் என்று பிறகு கேட்க முடியாது. அந்தத் தாளில் ஐம்பது மதிப்பெண் எடுத்தே தீர வேண்டும். இது உங்களுக்கு அச்சம் தந்தால் நடுவழி ஒன்று இருக்கிறது. விலக்கை ஏற்றுக்கொண்டு, அதே சமயம் அந்தப் பாடத்தை மூன்று மாதம் முழுமையாகப் படித்து, பழைய வினாத்தாள்களைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வீட்டில் எழுதிப் பாருங்கள். தேர்வு நாள் இல்லாமலும் அந்தக் கட்டுப்பாட்டோடு படிக்கக்கூடியவரா நீங்கள் என்பதை உங்களைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது. நான் அப்படிப்பட்டவனாக இருக்கவில்லை.

*

கேள்வி: என் மகன் பள்ளி இறுதியான எச்எஸ்சி தேர்வில் கணக்கியல் பாடத்தில் மிக நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறான். அதைக் காட்டி ஏசிசிஏவின் முதல் தாள்களில் விலக்கு வாங்கலாம் என்று தனிவகுப்பு ஆசிரியர் சொல்கிறார். அது உண்மையா? பட்டப்படிப்புக்கு அனுப்பாமல் நேரே ஏசிசிஏவில் சேர்த்துவிடலாமா?
— ரோஸ் பெல் வாசகர்

பதில்: உண்மையில்லை. எச்எஸ்சி என்பது ஏசிசிஏவில் சேர்வதற்கான நுழைவுத் தகுதி மட்டுமே. அதைக் கொண்டு எந்தத் தாளுக்கும் விலக்குக் கிடைக்காது. ஆங்கிலமும் கணிதமும் உள்பட ஐந்து பாடங்களில் தேர்ச்சி இருந்து, அவற்றுள் இரண்டு பள்ளி மேல்நிலையில் இருந்தால் பதின்மூன்று தாள் பாதையில் நேரே சேரலாம். கணக்கியலில் அவன் பெற்ற அறிவு வீணாகிவிடும் என்று எண்ண வேண்டாம். முதல் நிலையின் நிதிக் கணக்கியல் தாளை மற்றவர்கள் படிக்கும் நேரத்தில் பாதியில் அவன் முடித்துவிடுவான். அந்த நிலைத் தாள்களைக் கணினி மையத்தில் தயாரான நாளில் எழுதலாம் என்பதால் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

பட்டமா, நேரடித் தேர்வா என்பதில் என் கருத்து வெளிப்படையானது. 2019 முதல் நம் அரசுப் பல்கலைக்கழகங்களில் முதல் பட்டத்துக்குக் கல்விக் கட்டணம் இல்லை. ஏசிசிஏ அங்கீகாரம் பெற்ற கணக்கியல் பட்டத்தில் இடம் கிடைத்தால் அதையே முதலில் படிக்கட்டும். பட்டமும் கையில் இருக்கும், விலக்குகளும் வரும். ஆனால் சேரும் முன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகத் தரப்படுவதில்லை. குறிப்பிட்ட பட்டத்துக்கு, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத் தரப்படுகிறது. ஒரே வளாகத்தில் ஒரே துறை நடத்தும் இரண்டு பட்டங்களில் ஒன்றுக்கு அதிக விலக்கும் மற்றொன்றுக்குக் குறைந்த விலக்கும் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். விருப்பப் பாடமாகத் தணிக்கையை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்த மாணவனுக்குத் தணிக்கைத் தாளின் விலக்கு இல்லாமல் போகலாம். ஏசிசிஏ இணையதளத்தில் விலக்குக் கணிப்பான் ஒன்று இருக்கிறது. நாடு, நிறுவனம், பட்டம், முடிக்கும் ஆண்டு ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தால் எந்தத் தாள்களுக்கு விலக்கு என்று காட்டும். மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து அதை இருவரும் சேர்ந்து பாருங்கள். இரண்டாம் ஆண்டில் விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்கும் நாளில் அவனுக்கு அது நினைவிருக்கும்.

*

கேள்வி: வணக்கம் ஐயா. சென்னையில் பி.காம். படித்துத் திரும்பியவள் நான். என் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், சென்னைப் பட்டச் சான்றிதழில் வேறு விதமாகவும் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. திருமணத்துக்குப் பின் அடையாள அட்டையில் கணவர் குடும்பப் பெயரும் சேர்ந்துவிட்டது. விலக்கு விண்ணப்பம் இதனால் நிராகரிக்கப்படுமா?
— ஸ்டான்லி, ரோஸ் ஹில் வாசகி

பதில்: நம் நாட்டுத் தமிழர்களுக்கே உரிய தொல்லை இது. நம் முன்னோரின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதியவர்கள் தங்கள் காதில் விழுந்தபடி பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் எழுதினார்கள். அந்த எழுத்துகளைச் சுமந்துகொண்டு சென்னைக்குப் படிக்கப் போனால், அங்குள்ள எழுத்தர் தமக்குத் தெரிந்த தமிழ்ப் பெயராக அதைத் திருத்தி எழுதிவிடுகிறார். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுவது அவர்கள் வழக்கம். குடும்பப் பெயர் என்ற ஒன்று நமக்கு வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ஒரே பெண் காகிதத்தில் மூன்று பெண்களாகிவிடுகிறாள்.

இதற்காக விலக்கு மறுக்கப்படாது. ஆனால் விளக்கம் கேட்டுக் கோப்பு நின்றுவிடும். நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். இன்று உங்கள் தேசிய அடையாள அட்டையிலோ கடவுச்சீட்டிலோ எந்தப் பெயர் இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அதே பெயரில் ஏசிசிஏவில் பதிவு செய்யுங்கள். தேர்வு நாளன்று அந்த அட்டையைத்தான் காட்டப் போகிறீர்கள். பெயர் பொருந்தாவிட்டால் வாசலிலேயே சிக்கல் எழும். பட்டச் சான்றிதழோடும் மதிப்பெண் பட்டியலோடும் திருமணச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் சேர்த்து அனுப்புங்கள். சென்னை எழுத்துக்கூட்டலுக்கு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியம் செய்து கொடுத்த உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை வழக்குரைஞர் மூலம் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தேர்வோடு அதன் பயன் முடிந்துவிடாது.

இன்னொன்று: இந்தியப் பட்டங்களில் எல்லாப் பருவங்களின் மதிப்பெண் பட்டியல்களையும் அனுப்ப வேண்டும், கடைசிப் பருவத்தை மட்டும் அனுப்பி நாள் கடத்தியவர்கள் பலர். பி.காம். பட்டத்துக்கு ஒன்பது விலக்கு எதிர்பார்க்க வேண்டாம். முதல் நிலையின் மூன்று தாள்களும் பல சமயம் நிறுவனச் சட்டமும் கிடைக்கும். மற்றவற்றை எழுதத் தயாராக இருங்கள்.

*

கேள்வி: ஒன்பது தாள்களுக்கு விலக்குப் பெற்றவருக்கு வேலை அனுபவக் காலத்திலும் சலுகை உண்டா?
— போ பாஸேன் வாசகர்

பதில்: இல்லை. உறுப்பினராகத் தேவையான முப்பத்தாறு மாத அனுபவமும், நெறிமுறைப் பயிற்சியும், வேலையில் எட்டிக் காட்ட வேண்டிய ஒன்பது செயல்திறன் இலக்குகளும் அனைவருக்கும் ஒன்றே. ஆனால் தேர்வுக்கு முன் செய்த வேலையையும், அது கணக்கியல் சார்ந்ததாக இருந்தால், காட்டலாம். இலக்குகளுக்குக் கையொப்பமிடும் மேற்பார்வையாளர் தகுதி பெற்ற கணக்காளராக இருக்க வேண்டும். எபேனில் பல அலுவலகங்களில் பிரிவுத் தலைவர் கணக்காளராக இருப்பதில்லை என்பதால், யார் கையொப்பமிடுவார் என்பதை வேலையில் சேரும் நாளிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்து உறுப்பினரான பின்னும், இங்கே தொழில்முறைக் கணக்காளர் என்று சொல்லிக்கொள்ள 2004ஆம் ஆண்டின் நிதி அறிக்கைச் சட்டத்தின்கீழ் அமைந்த மொரீஷியஸ் தொழில்முறைக் கணக்காளர் நிறுவனத்தில் பதிவு செய்ய வேண்டும். தணிக்கையாளராகக் கையொப்பமிட விரும்பினால் நிதி அறிக்கை மன்றத்தின் உரிமமும் தேவை.

*

கேள்வி: அன்புள்ள ஐயா, 2008 முதல் 2011 வரை முதல் இரு நிலைகளில், அப்போதைய பெயரில் எஃப் 1 முதல் எஃப் 6 வரையிலான தாள்களை எழுதித் தேறினேன். பிறகு இரண்டு குழந்தைகள், மாமியாரின் நோய் என்று படிப்பு நின்றுபோனது. சந்தாவும் கட்டவில்லை. பதினைந்து ஆண்டுகளாக ஒரு சர்க்கரை ஆலையின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அந்த அனுபவத்தைக் காட்டி எஃப் 7, எஃப் 8, எஃப் 9 ஆகியவற்றுக்கு விலக்குக் கேட்கலாமா? நான் தேறிய தாள்கள் இன்னும் செல்லுமா?
— தென்பகுதி வாசகி

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் அம்மா. இரண்டாம் கேள்விக்கு நல்ல பதில் இருப்பதால் அதை முதலில் சொல்கிறேன். நீங்கள் தேறிய ஆறு தாள்களுக்கும் காலக்கெடு கிடையாது. அவற்றின் பெயர்கள் மாறியிருக்கின்றன. எஃப் 4 இன்று நிறுவனச் சட்டம், எஃப் 5 செயல்திறன் மேலாண்மை, எஃப் 6 வரிவிதிப்பு என்று அழைக்கப்படுகின்றன. தேர்ச்சி உங்களுடையதே. காலக்கெடு கடைசி நிலைக்கு மட்டுந்தான். அங்கே முதல் தாளில் தேறிய நாளிலிருந்து ஏழு ஆண்டுகளுக்குள் நான்கையும் முடிக்க வேண்டும். நீங்கள் அந்த நிலைக்குப் போகாததால் இழந்தது எதுவும் இல்லை. உங்கள் காலத்தில் படித்துக் கடைசி நிலையின் பழைய தாள்களான பி 1, பி 3 ஆகிய இரண்டில் ஒன்றை மட்டும் முடித்து நிறுத்தியவர்கள், 2018 செப்டம்பரில் அந்த இரண்டின் இடத்தில் வணிகத் தலைமைத் தாள் வந்தபோது அதை முழுதாக எழுத வேண்டியதாயிற்று.

முதல் கேள்விக்கு, வேலை அனுபவத்துக்கு விலக்குத் தரப்படுவதில்லை என்பதே பதில். படித்துப் பெற்ற தகுதிக்குத்தான் விலக்கு. இது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அந்தப் பதினைந்து ஆண்டுகளை வேறு இடத்தில் காட்டலாம். முப்பத்தாறு மாத அனுபவத்தை, மேலே சொன்னபடி கையொப்பமிட ஒருவர் இருந்தால், நீங்கள் ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள். புதிதாகப் பட்டம் பெற்று வருகிறவர்கள் கடைசியில் காத்திருக்கும் மூன்றாண்டை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கரும்பு அறுவடைக் காலத்தில் இருப்பு மதிப்பீடு செய்து, தணிக்கையாளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்ன உங்களுக்குத் தணிக்கைத் தாள் புத்தகப் பாடமாக இருக்காது.

சந்தா கட்டாததால் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டிருக்கும். மறுபடி சேர விண்ணப்பியுங்கள். புதிய மாணவராகச் சேர வேண்டாம். அப்படிச் சேர்ந்தால் பழைய தேர்ச்சிகளை இணைக்க இன்னொரு முறை அலைய நேரும். ஆண்டுச் சந்தா, எந்த மாதத்தில் சேர்ந்தாலும், ஜனவரி 1 அன்று கட்ட வேண்டியதாகிவிடும். நவம்பரில் அவசரப்பட்டுச் சேர்ந்து இரண்டு மாதத்தில் மறுபடி கட்டுவதைவிட, ஜனவரியில் சேருவது நல்லது.

எஃப் 7 என்று நீங்கள் அறிந்த நிதி அறிக்கையிடலை முதலில் எழுதுங்கள், ஒரு பருவத்தில் ஒன்று மட்டும். மார்ச் பருவத்தை விட்டுவிடலாம் என்பது என் யோசனை. ஜனவரியில் சேர்ந்து இரண்டே மாதத்தில் எழுதுவது கடினம். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் வீடாக இருந்தால் அந்த வாரங்கள் படிப்புக்கு உதவா. மார்ச் புயல் பருவத்துக்குள்ளும் வருகிறது. ஜூனில் நிதி அறிக்கையிடல், செப்டம்பரில் தணிக்கை, டிசம்பரில் நிதி மேலாண்மை என்று வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டு தொடங்கும்போது கடைசி நிலையின் வாசலில் இருப்பீர்கள். பழைய பதிவு எண் நினைவில்லை என்றால், அன்று வந்த தேர்வு முடிவுக் கடிதங்களில் ஒன்றையாவது தேடி எடுங்கள். அந்த எண்ணையும் பிறந்த தேதியையும் உங்கள் முதல் மின்னஞ்சலிலேயே குறிப்பிடுங்கள்.